பல் கட்ட எங்களிடம் வரும் உங்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஹட்டன் டவுனில் எங்கள் படியேறி வரும் உங்களில் பலரை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அப்பா பல் செட் கட்டிய இடத்துக்கே மகனும் வருகிறார். டிக்கோயா, மஸ்கெலியா, கொட்டகலைப் பக்கமிருந்து காலை முதல் பஸ் பிடித்து வந்து, நாங்கள் கதவைத் திறக்கும்வரை பனியில் நிற்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சில வாரங்களாக வட்ஸ்அப் குழுக்களில் எங்களைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. விலை கூடிவிட்டதாம், செட் கிடைக்க நாளாகிறதாம், போதாததற்கு ஆட்களைக் கண்டிக்கு இம்ப்ளாண்ட் போட அனுப்பிக் கமிஷன் வாங்குகிறோமாம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அளவெடுக்கும் மாவு, அக்ரிலிக் தூள், செட்டில் அடுக்கும் பற்கள், எல்லாமே இறக்குமதிச் சாமான். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் அந்த வருடமே 360 வரை ஏறியது. பிறகு இறங்கினாலும் 300க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. 2024 ஜனவரியில் வற் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. முடிந்தவரை பழைய விலையிலேயே ஓட்டிப் பார்த்தோம், அதற்கு மேல் முடியவில்லை.

மனதைக் குத்துவது அந்தக் கமிஷன் பேச்சுதான். நாங்கள் யாரிடமும் ஒரு சதம் வாங்குவதில்லை. இம்ப்ளாண்ட் என்பது டைட்டேனியத் திருகாணியைத் தாடை எலும்புக்குள் இறக்கி, அதன்மேல் பல்லை ஏற்றும் வேலை. டைட்டேனியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதைக் கண்டு சொன்னவர் சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க். 1965இல் முதல் நோயாளிக்கு அவர் அதைப் பொருத்தினார். எலும்பு பிடித்துக்கொள்ள பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். எலும்பு போதுமான அளவு இருக்க வேண்டும். சீனி வியாதி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், சிகரெட்டை விடாதவர்களுக்கும் அது சரிவராமல் போக வாய்ப்பு அதிகம். இங்கே நாங்கள் அதைச் செய்வதில்லை. அப்படியானால் ஏன் அதைப் பற்றிப் பேசுகிறோம்?

இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒன்று விழுந்து முன்பல் ஒன்றை இழந்து வருகிறது என்று வையுங்கள். இரு பக்கத்துப் பற்களும் முத்துப்போல இருக்கின்றன. பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களில் பிடித்து நிற்கும் கழராத பல், கட்டுவதென்றால் அந்த நல்ல பற்கள் இரண்டையும் சுற்றிவர ராவ வேண்டும். ராவிய எனாமல் திரும்ப வளராது. அந்தப் பிள்ளையிடம், "உனக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, ஒரு தடவை கேட்டுப் பார்" என்று சொல்லாமல் விட்டால் நான் என்ன வைத்தியர்? யாரிடம் போவது என்று நாங்கள் பெயர் எழுதிக் கொடுப்பதில்லை. பேராதனையில் அரசாங்கப் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது, அங்கேயும் போய் விசாரியுங்கள் என்றுதான் சொல்கிறோம். கமிஷனுக்கு அலைகிறவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கா வழி காட்டுவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைவாயின் கடைசியில் ஒரு பல் போய்விட்டது என்று வந்தவர்களில் எத்தனையோ பேரை, "மற்றப் பற்களால் நன்றாக மெல்ல முடிகிறதா? அப்படியானால் இப்போது எதுவும் கட்டத் தேவையில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவர்கள் யாரும் குழுவில் எழுதவில்லை.

சரி, பெரும்பாலானவர்களுக்கு எது பொருந்தும்? நம் பக்கத்தில் அதிகம் கட்டுவது கழற்றி மாட்டும் அக்ரிலிக் செட். விலை குறைவு. ஒரு பல்லுக்கும் கட்டலாம், வாய் முழுக்கவும் கட்டலாம், பின்னால் இன்னொரு பல் விழுந்தால் பெரும்பாலும் அதே செட்டில் சேர்த்துக்கொள்ளலாம். குரோம் கோபால்ட் என்ற உலோகத்தில் வார்க்கும் செட் மெல்லியது, பலமானது, ஆனால் அதைத் தாங்க மிச்சப் பற்கள் உறுதியாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு பல் இடைவெளிக்கு, பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே அடைத்தோ உடைந்தோ இருந்தால், பிரிட்ஜ் நல்ல தெரிவு. எதைக் கட்டினாலும் பல் கழற்றிய கையோடு நிரந்தர செட்டைக் கேட்காதீர்கள். முரசு (ஈறு) வற்றும், உள்ளே எலும்பும் கரையும், முதல் மாதங்களில்தான் அது அதிகம். கல்யாணம், திருவிழா என்று அவசரமானால் உடனடி செட் ஒன்று கட்டித் தருவோம். அது தளரும், பிறகு அடியில் அக்ரிலிக் வார்த்துச் சரிசெய்ய வேண்டிவரும்.

"வேறு சில இடங்களில் ஒரே நாளில் கழராத பல் கட்டுகிறார்களே" என்று கேட்கிறீர்கள். ஒவ்வொரு தடவை டவுனுக்கு வரும்போதும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடுகிறது என்பது எனக்குத் தெரியும். ஒரே நாள் வேலை இனிக்கத்தான் செய்யும். ஆனால் இலங்கை மருத்துவ சபையில் பதியாதவர்கள் செய்யும் அந்த வேலை என்ன தெரியுமா? செயற்கைப் பல்லை இடைவெளியில் வைத்து, அக்ரிலிக்கைக் குழைத்து, முரசின் மேலும் பக்கத்துப் பற்களைச் சுற்றியும் அப்பி இறுக விட்டுவிடுவது. பிரஷ் உள்ளே போகாது. போகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு அப்படி அப்பிய அக்ரிலிக் கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தோம். அடியில் சோறும் சீழும், முரசு சிவந்து தொட்டாலே இரத்தம். கட்டியோடு பக்கத்து நல்ல பல் ஒன்றும் கையோடு வந்துவிட்டது. ஒரு பல்லுக்காகப் போனவருக்கு இப்போது இரண்டு பல் கட்ட வேண்டியிருக்கிறது. நாங்கள் அந்த வேலையைச் செய்ய மாட்டோம், நாளைக்கும் செய்ய மாட்டோம்.

வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். வாய் முன்போலத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகியிருக்கிறது என்றால் பல் கட்டுவது அப்புறம். முதலில் அதைக் காட்டுங்கள். பாக்கினால் வருவது அது. சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். அளவெடுக்கும் தட்டு வாய்க்குள் போகாததால்தான் சிலரிடம் நாங்களே அதைக் கண்டுபிடித்தோம். அதைப் பார்க்க நாங்கள் பணம் எடுப்பதில்லை.

செட் வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். இங்கத்தைய குளிருக்குச் சுடுதண்ணீரில் கழுவத் தோன்றும், கொதிக்கிற தண்ணீர் பட்டால் செட் வளைந்துவிடும். சவர்க்காரமும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

தாமதத்துக்கு வருந்துகிறேன். எங்கள் பட்டறையில் செட் வார்த்த தம்பி வெளிநாடு போய்விட்டார், நல்ல இடம், போகட்டும். அந்த வேலையை இப்போது கண்டிக்கு அனுப்பி எடுப்பதால் மூன்று வாரமளவு ஆகும். அளவெடுக்கும் அன்று பாதிப் பணம் கட்ட வேண்டியிருக்கும். இலவசமாகத் தேய்த்துச் சரிசெய்து தருவது இனி முதல் மூன்று மாதத்துக்கு மட்டும்தான். புதிய விலைப்பட்டியல் முன்மேசையில் இருக்கிறது.

கொரோனா முடக்கத்திலும், பெற்றோலுக்கு வரிசை நின்ற 2022இலும் எங்களை விட்டுப் போகாதவர்கள் நீங்கள். வாங்கிய கடனைக் கொழுந்து சம்பளம் வந்த அன்றே கொண்டுவந்து தீர்த்தவர்கள் இருக்கிறீர்கள். உடைந்த செட்டை இங்கேதான் ஒட்ட வேண்டும் என்று கொழும்பிலிருந்து லீவுக்கு வரும்வரை பொத்தி வைத்திருந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. என்ன சந்தேகமிருந்தாலும் குழுவில் கேட்காமல் நேரே வந்து என்னிடம் கேளுங்கள். ஞாயிறும் போயாவும் தவிர எல்லா நாளும் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் பல் வைத்தியர்,
ஹட்டன்