தாழியைத் திறக்கும் நாளிலேயே எலும்பைக் காக்க வேண்டும்

தமிழகத்தில் முதுமக்கள் தாழிகளை அகழும் தொல்லியலாளர்களுக்கும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்குழியின் ஓரத்தில் நின்றிருந்தேன். தாழியின் அடியில் ஈரமண்ணோடு கிடந்த கீழ்த்தாடை ஒன்றைக் காலையில் தூரிகையால் துலக்கிவிட்டு, ஒளிப்படம் எடுப்பதற்காக வெயிலில் அப்படியே விட்டிருந்தார்கள். உச்சிப்பொழுதுக்குள் பற்களில் மயிரிழை போல விரிசல் ஓடி, எலும்பின் மேற்பரப்பு வெங்காயச் சருகு போலச் செதில் செதிலாக எழும்பிவிட்டது. அன்றைய பதைப்பு இன்னும் தணியாததால்தான் இதை எழுதுகிறேன்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் தாது. எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். மண்ணுக்குள் நுண்ணுயிர்கள் துளையிட்டும் நீர் ஊறியும் அந்த நார் சிதைகிறது. நம் ஊர் வெப்பம் சிதைவை விரைவுபடுத்துகிறது. மண்ணில் அமிலம் மிகுந்தால் தாதுவும் கரையும். மழையில் ஊறிக் கோடையில் காயும் நிலத்தில் பல நூற்றாண்டுகள் கிடந்த எலும்பு, வடிவம் கெடாமல் தெரிந்தாலும், உள்ளே நார் இழந்து ஈரத்தின் பிடிமானத்தில் நிற்பதாக இருக்கலாம். அந்த ஈரம் சட்டென்று வற்றும்போது அது சுருங்கி வெடிக்கிறது. ஆகவே வெளிவந்த எலும்பை நிழலில், ஈரத்துணி போர்த்தி, நாள் கணக்கில் மெல்ல உலரவிட வேண்டும். மிகவும் நொய்ந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு பெயர்த்தெடுத்து ஆய்வகத்தில் பிரிப்பதே நல்லது.

நொய்ந்த எலும்பை உறுதிப்படுத்தப் பூசும் பசைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நன்கு உலர்ந்த எலும்புக்கு, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்னும் செயற்கைப் பிசின் ஏற்றது. பின்னாளில் அதைக் கரைத்து எடுக்கவும் முடியும். ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வரும் இத்தகைய பிசின்களில், பழம்பொருளின் காலத்தைக் கணிக்க அளக்கப்படும் கதிரியக்கக் கார்பன் இல்லை. முற்றிலும் நீக்காமல் காலம் கணித்தால் எலும்பு உள்ளதைவிடப் பழையதாகத் தோன்றும். அண்மைக்காலக் கார்பன் கொண்ட அரக்குப் பூச்சோ அதை இளையதாகக் காட்டும். எனவே காலக்கணிப்புக்கும் மரபணு ஆய்வுக்கும் உரிய மாதிரிகளை, குறிப்பாக உட்காதைச் சூழ்ந்த கெட்டியான எலும்பை, பசை தொடும் முன்னரே கையுறையும் முகக்கவசமும் அணிந்து எடுத்துவிட வேண்டும். பூசிய பொருளின் பெயரும் நாளும் பெட்டியின் மேலேயே எழுதப்பட வேண்டும்.

தாழிகள் நிறைந்த ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த 2 மண்டையோடுகளைக் கொண்டு 2025இல் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் முகங்களையே வடித்துத் தந்தார்கள். ஒரு மண்டையோட்டிலிருந்து இவ்வளவு அறிய முடிகிற காலத்தில், தொல்பொருள் பாதுகாப்பு வேதியியல் பயின்ற ஒருவர் ஒவ்வொரு குழியருகிலும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் நிறுத்தச் சொன்னால், ஒளிப்படக்காரர் உட்பட எல்லோரும் நிறுத்த வேண்டும்.