கணக்கு நோட்டும் கதையின் கருவும்

கோவில்பட்டி
புரட்டாசி கடைசி

அன்புள்ள செண்பகம்,

உன் நாவலின் கைப்பிரதி பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வேளை தவறாமல் சொட்டு மருந்து விடும் பொறுப்பு என்னுடையது. சின்னவள் ஓசூரில் புது வேலையில் சேர்ந்துவிட்டாள். ஊரில் இன்னும் மழை இறங்கவில்லை. கரிசலில் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் விதைத்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு முதுகுவலி குறைந்ததா? வெயிலைக் காரணம் காட்டி நடைப்பயிற்சியை விட்டுவிடப் போகிறார், பார்த்துக்கொள்.

பிரதியை முதலில் ஒரே மூச்சில் படித்தேன். பிறகு பென்சிலோடு உட்கார்ந்து மெதுவாகப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் தொழிற்சாலை வரும் பக்கங்களை வேறு யாரும் இப்படி எழுதி நான் படித்ததில்லை. விடியுமுன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும் பஸ், குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் பிள்ளைகளின் விரல் வேகம், எத்தனை துவைத்தாலும் போகாத மருந்து வாடை, வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டும் கிழவிகள் எல்லாம் நாம் பார்த்து வளர்ந்தவை. நீ அவற்றை விவரித்துக் காட்டவில்லை, அவற்றுக்குள் இருந்து எழுதியிருக்கிறாய்.

ஆனால் உன் கவலை வேறு. நாவலின் கரு தியாகம் என்றும், அது கதையில் ஒட்டாமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது என்றும், அதை எப்படி வளர்ப்பது என்றும் கேட்டிருந்தாய். படித்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்த நாவலின் கரு தியாகம் இல்லை, செண்பகம். அது எழுத உட்காருவதற்கு முன் உன் மனத்தில் இருந்த தலைப்பு. எழுத ஆரம்பித்ததும் உன் கை வேறொன்றைத் தேடிப் போய்விட்டது.

உன் நாயகி, வீட்டுக்கு மூத்தவள் மாரியம்மாளின் கணக்கு நோட்டைச் சொல்கிறேன். தம்பி முருகேசனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டிய அன்று அவள் அதில் ஒரு வரி எழுதுகிறாள். தங்கை சரசு வயதுக்கு வந்தபோது எடுத்த சேலைக்கு ஒரு வரி. அம்மாவின் வைத்தியச் செலவுக்கு ஒரு பக்கம். வீடு மாறும்போது பாத்திரங்களுக்கு முன்னால் அந்த நோட்டைத்தான் எடுத்து வைக்கிறாள். முருகேசன் கல்யாணத்தன்று மண்டபத்து அறையில் தனியாக உட்கார்ந்து மொய் எழுதுகிற மாதிரி அதில் ஏதோ எழுதுகிறாள். என்ன எழுதினாள் என்று நீ சொல்லவில்லை. அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நீ எனக்கு எழுதிய கதைச்சுருக்கத்தில் இந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால்தான் இதையே பிடித்துக்கொண்டேன். எழுதுகிறவர் திட்டமிடாமலே ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அவர் கேட்க விரும்பும் கேள்வி அதற்குள்தான் ஒளிந்திருக்கும். கருவைத் தேடுகிறவர்கள் முதல் வரைவில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: எது தானாக மீண்டும் வந்திருக்கிறது, எந்தக் காட்சியில் மொழி திடீரென்று சூடாகிறது, எந்த இடத்தில் எழுதியவர் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார். உன் பிரதியில் இந்த மூன்றும் அந்த நோட்டில் வந்து கூடுகின்றன.

அப்படியானால் கேள்வி என்ன? கணக்கு வைத்துக்கொண்டு கொடுப்பது அன்பா? கொடுத்ததெல்லாம் ஒரு நோட்டில் இருக்கும்போது, வாங்கியவர்களுக்கு என்றைக்கு விடுதலை? இதுதான் உன் நாவல் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத் தேர்வில், இக்கதையின் மையக்கருத்து யாது என்று கேட்கிறோம். பிள்ளைகள் தியாகம், ஒற்றுமை, உழைப்பு என்று எழுதுகிறார்கள். எழுதி முடித்த கதையைப் பற்றிப் பேச அது போதும். எழுதிக்கொண்டிருக்கும் கதைக்கு அப்படிப்பட்ட ஒற்றைச் சொல் எந்த வேலையும் செய்யாது. தியாகம் உயர்ந்தது என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். மாரியம்மாள் நோட்டு எழுதியது சரியா என்று கேட்டுப் பார், உன் வீட்டிலேயே சண்டை வரும்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1888 அக்டோபரில் தன் பதிப்பாளரும் நண்பருமான சுவோரினுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. ஒரு பிரச்சினையைத் தீர்ப்பது வேறு, அதைச் சரியாக முன்வைப்பது வேறு, கலைஞனுக்குக் கடமையானது இரண்டாவது மட்டும்தான் என்கிறார். டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' நாவலில் ஒரு பிரச்சினையும் தீர்வதில்லை, ஆனாலும் அது நமக்கு நிறைவு தருகிறது, ஏனென்றால் எல்லாக் கேள்விகளும் அங்கே சரியாகக் கேட்கப்பட்டிருக்கின்றன என்பது அவர் கருத்து. நீ எழுத ஆரம்பித்த நாளிலிருந்து இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

கண்டுபிடித்த பிறகு அதை எப்படி வளர்ப்பது என்பதற்கு நமக்கு வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. கு. அழகிரிசாமியின் ஊரான இடைசெவலைப் பஸ்ஸில் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்' நினைவுக்கு வரும். அந்தக் கதை குழந்தைகளின் போட்டியில் தொடங்குகிறது. என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா என்று பணக்கார வீட்டுப் பையனும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் மடக்கிப் பார்க்கிறார்கள். வெறும் விளையாட்டு என்று நாம் படித்துக்கொண்டு போகிறோம். தீபாவளி வருகிறது. பெரிய வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளையான ராஜா வருகிறார். ஏழை வீட்டு வாசலுக்கு ராஜா என்று பெயர் கொண்ட அநாதைச் சிறுவன் வருகிறான். அந்தத் தாய் அவனைக் குளிப்பாட்டி, இருக்கிற துணியில் ஒன்றை உடுத்திவிடுகிறாள். கடைசியில் ஏழை வீட்டுச் சிறுமி மங்கம்மாள் தன் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று சொல்லும்போது, கதை முழுவதும் நடந்த போட்டியின் பொருளே மாறிவிடுகிறது. இல்லாதவர்கள் கொடுப்பதைப் பற்றி அழகிரிசாமி ஒரு வாக்கியம்கூடச் சொல்லவில்லை. குழந்தைகளின் விளையாட்டே கருவைத் தாங்கிக்கொண்டு போகிறது. உன் நோட்டாலும் அப்படித் தாங்க முடியும். நீ நடுவில் வந்து விளக்காமல் இருந்தால் போதும்.

இன்னொன்று, கருவை வளர்ப்பது என்றால் அதையே மேலும் மேலும் சொல்வது என்று நாம் எண்ணிவிடுகிறோம். மூத்தவள் பாடுபட்டாள் என்பதற்கு நீ காட்சிமேல் காட்சி வைத்திருக்கிறாய். ஏழாவது அத்தியாயத்துக்குப் பிறகு அவை எனக்குப் புதிதாக எதையும் தரவில்லை. கரு வளர்வது, அதற்கு எதிர்ப்பேச்சு கிடைக்கும்போதுதான். ஜெயகாந்தனைப் பார். 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழை நாளில் காரில் ஏற்றிக்கொண்டு போனவனால் கெடுக்கப்பட்டுத் திரும்பி வரும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். அந்தத் தாய் சொன்ன பதில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. வேறு ஒருவராக இருந்தால் அந்தப் பதிலையே பிடித்துக்கொண்டு வாதாடியிருப்பார். ஜெயகாந்தன் அதே சம்பவத்தை மறுபடி எடுத்து, தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அங்கேதான் பிறந்தது. அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான், மாமா படிக்க வைக்கிறார், அந்த மாமாவின் பார்வையும் சரியில்லை. கங்கா என்கிற முழு மனுஷி அந்த ஒரு மாற்றத்தால் உருவாகிவிட்டாள். முந்தைய சிறுகதையையே நாவலுக்குள் ஓர் எழுத்தாளர் எழுதிய கதையாக வைத்து, கங்காவைப் படிக்க வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தன் பதிலைத் தானே குறுக்கு விசாரணை செய்த துணிச்சல் அது.

இந்தக் கேள்வியின் வேர் இன்னும் பின்னால் போகிறது. புதுமைப்பித்தன் முப்பதுகளிலேயே 'அகல்யை' என்று ஒரு கதை எழுதினார். அதோடு அவருக்கு அது அடங்கவில்லை. 1943இல் 'சாபவிமோசனம்' எழுதினார். அதில் கல்லிலிருந்து எழுந்த அகலிகைக்கு வாழ்க்கை திரும்பக் கிடைக்கிறது, ஊர்ப் பெண்களின் பார்வை மட்டும் மாறவில்லை. வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்ததைச் சொல்ல, அகலிகை கேட்கிறாள். தன்னை மன்னித்த ராமனே சீதையைச் சோதித்தானா என்று அவளுக்குத் தாங்கவில்லை. மறுபடி கல்லாகிறாள். ஒருத்தியின் கதையில் எழுந்த கேள்வியை இன்னொருத்தியின் கதை வந்து கிழித்துத் திறக்கிறது. சீதை அங்கே வராவிட்டால் அகலிகை நிம்மதியாக இருந்திருப்பாள், நமக்கும் இந்தக் கதை கிடைத்திருக்காது.

உன் நாவலில் அந்தச் சீதையின் இடம் முருகேசனுக்கு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இப்போது அவன் நன்றிகெட்டவன், பெண்டாட்டி பேச்சைக் கேட்பவன், அவ்வளவுதான். அவனுக்குப் பேச வாய்ப்பே நீ கொடுக்கவில்லை. அவன் பக்கம் நின்று ஒரு அத்தியாயம் எழுதிப் பார். தான் கேட்காமலே கொடுக்கப்பட்டதற்குக் காலம் முழுவதும் தலைகுனிந்து நடந்த பையன் அவன். சட்டை போடும்போதும் அதன் விலை தெரியும். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த அன்று அக்கா திட்டவில்லை, நோட்டை எடுத்துப் புரட்டினாள் என்று அவன் சொன்னால், வாசகர் மாரியம்மாளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவார். அவளைக் குறைத்துவிடுமோ என்று நீ பயப்படாதே. இப்போது அவள் கும்பிட வேண்டிய படமாக இருக்கிறாள், அப்போது மனுஷியாவாள்.

அதே அளவு நியாயம் அவளுக்கும் வேண்டும். அதற்கான விதை உன் மூன்றாவது அத்தியாயத்திலேயே இருக்கிறது, நீ கவனித்தாயா தெரியவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கூலி எண்ணிக்கைக்குத்தான். எத்தனை கட்டை அடுக்கினாள், நூற்று நாற்பத்து நான்கு கொண்ட குரோஸ் கணக்கில் எத்தனை பெட்டி ஒட்டினாள் என்று கணக்குப்பிள்ளை எழுதுவதுதான் கூலி. ஒரு வாரம் அவர் குறைத்து எழுதிவிடுகிறார், சின்னப் பெண்ணான மாரியம்மாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறாள். அதற்கடுத்த வாரம் கடையில் நோட்டு வாங்குகிறாள். இதை நீ இரண்டே வரியில் தாண்டிப் போய்விட்டாய். ஆனால் நாவலின் உயிர் இங்கே இருக்கிறது. ஏமாறாமல் இருப்பதற்காகத்தான் அவள் எழுதப் பழகினாள். உலகம் அவளுக்கு எண்ணித்தான் கொடுத்தது, அவளும் எண்ணித்தான் கொடுக்கக் கற்றாள். தன் உழைப்புக்குத் தன்னிடமாவது ஒரு சாட்சி இருக்க வேண்டும் என்று அவள் நினைத்ததில் என்ன தவறு? அந்த நோட்டு அவளுக்குக் கௌரவம், தம்பிக்கு விலங்கு. இரண்டும் உண்மையாக இருக்கும்வரை உன் கதைக்குச் சோர்வு வராது. இந்த மண்ணில், இந்தத் தொழிலில் மட்டுமே இந்தக் கரு இப்படிப் பிறக்க முடியும் என்பதும் எனக்குப் பெரிய சந்தோஷம். தொழிலைப் பின்னணியாக வைக்காமல் மனித மனத்தை வடித்த அச்சாக வைத்திருக்கிறாய்.

சரசுவை மறந்துவிடாதே. அவள் எப்போதும் மூலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள், பேசுவதே இல்லை. பதினோரு வயதில் அவள் கொண்டுவந்த கூலியும் அந்த வீட்டில்தானே சேர்ந்தது? அது யாருடைய நோட்டிலும் இல்லையே. ஒரு நாள் அவள் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. நோட்டைப் புரட்டித் தன் பெயரைத் தேடினாலே போதும்.

இனி கொஞ்சம் கடுமையாக. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் பஞ்சாயத்துப் பெரியவர் பேசும் நீளமான பேச்சை எடுத்துவிடு. பெண்களின் தியாகத்தால்தான் குடும்பங்கள் நிற்கின்றன என்று அவர் சொல்வதெல்லாம் நீ வாசகரிடம் நேரே பேசுவது. அவர் வாயைத் திறந்ததும் அதுவரை உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் அவர் கருத்துக்கு உதாரணங்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். மாரியம்மாள் நோட்டை அடுப்பில் போட்டுவிட்டுத் தம்பியைக் கட்டிக்கொள்ளும் முடிவும் எனக்கு ஒப்பவில்லை. நாவல் முழுக்க நீ கேட்ட கேள்விக்கு அது தப்பித்துக்கொள்ளும் வழி. முப்பது வருடக் கணக்கை ஒரு நிமிட நெருப்பு தீர்த்துவிடாது. முருகேசன் பணத்தைக் கொண்டுவந்து மொத்தத்தையும் தீர்த்துக்கொள்கிறேன் என்று வைத்தால் அவள் என்ன செய்வாள்? வாங்கினால் அவள் அக்கா இல்லை, கடன் கொடுத்தவள். வாங்காவிட்டால் அவன் ஆயுசுக்கும் கடனாளி. அந்த இடத்தில் அவளை நிறுத்தி, அவள் என்ன செய்கிறாள் என்று எழுதிப் பார். எனக்குத் தெரியாது, உனக்கும் இப்போது தெரிந்திருக்க வேண்டியதில்லை. உன்னை விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவையும் ஒரே சமயத்தில் திருத்த உட்காராதே. பிரதியை அப்படியே வைத்துவிட்டு முருகேசனின் அத்தியாயத்தை மட்டும் முதலில் எழுது. அவன் பேசத் தொடங்கினால் மற்றவை எங்கே நீள வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடும். கணக்குப்பிள்ளை வரும் அந்த இரண்டு வரியை மட்டும் உடனே விரித்து எழுதிவிடு; ஞாபகம் சூடாக இருக்கும்போதே எழுத வேண்டிய காட்சி அது. அந்தக் காலத்துக் கூலி விவரம் வேண்டுமென்றால் எங்கள் தெருவில் அப்போது வேலைக்குப் போன அக்காக்கள் சிலர் இருக்கிறார்கள், கேட்டு எழுதி அனுப்புகிறேன்.

நான் பென்சிலால் குறித்த பிரதியைத் திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். ஓரங்களில் சண்டை போட்டிருப்பேன், நீயும் பதிலுக்குப் போடு. தையில் நாத்தனார் பேத்தி காதுகுத்துக்குத் திருச்சி வருகிறேன். அப்போது உன் வீட்டில்தான் தங்குவேன், அண்ணனிடம் சொல்லிவை. முருகேசனின் அத்தியாயம் அதற்கு முன் எழுதி முடிந்தால் தபாலில் அனுப்பாதே, நீயே வாசிக்கக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
காந்திமதி