மூன்று கட்டைக்கு இறங்கிய குரல்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சேது,

அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். மனசுக்கு நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. இசைத்தட்டு உறைகளில் பூஞ்சை பிடிக்கிறது. ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.

தட்டு ஓட்டும் பழைய டர்ன்டேபிளில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போன மாதம் நானே ஒன்று வாங்கிவிட்டேன். தோரன்ஸ் டிடி 160, 1972-இல் வந்த மாடல். பெல்ட்டில் ஓடுவது.

தாதர் பார்சி காலனியில் ஒரு பெரியவரிடம் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பியதாம். வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் போட்டிருந்தார். நான் கொண்டுபோன தட்டை வைத்தேன். நம் இருவருக்கும் மனப்பாடமான, பாடகி ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய அந்தக் கச்சேரிதான். ஊசி இறங்கியதும் திடுக்கிட்டேன். பாடியவர் ஆண்பிள்ளை மாதிரி மூன்று கட்டையில் பாடினார், தம்புராவும் கூடவே இறங்கியிருந்தது. பெரியவர் முகம் வாடிவிட்டது. "வந்த நாளிலிருந்து இப்படித்தான், மோட்டார் போய்விட்டது" என்றார்.

மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, சேது. அதன் வேகத்தை முடிவு செய்வது வோல்ட் அல்ல, ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பது. அமெரிக்காவில் 60, நமக்கு 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும். ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28-க்கும் குறைவாகச் சுற்றுகிறது. ஆறில் ஒரு பங்கு போய்விட்டால் சுருதி ஐந்திலிருந்து மூன்றுக்குத்தானே வரும்! மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றினால் சரியாகிவிடும். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். பழுது என்று நம்ப வைத்து அடிமாட்டு விலைக்கு வாங்கியிருக்கலாம், மனசு வரவில்லை. கேட்ட 40,000 ரூபாயைக் கொடுத்தேன்.

புல்லி வந்து சேர மூன்று வாரம் ஆனது. மாட்டிவிட்டு, சுருதிப் பெட்டியை ஐந்தில் வைத்துக்கொண்டு தட்டைப் போட்டேன். இரண்டும் ஒட்டி நின்றபோது கண் கலங்கிவிட்டது.

நீ பார்க்கப் போனால் பெயரைப் பார்த்து மயங்காதே. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தட்டை வைக்கும் தட்டுமேடையைக் கையால் சுற்றிப் பார், சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. பேரிங் தேய்ந்திருந்தால் விட்டுவிடு. பெல்ட்டுக்குக் கவலைப்படாதே, புதிது கிடைக்கும். ஊசியை மட்டும் எத்தனை வருஷம் ஓடியது என்று தெரியாமல் உன் தட்டில் வைக்காதே. தேய்ந்த ஊசி பள்ளத்தை அறுத்துவிடும், அது திரும்பி வராது. ஊசி பொருத்திய புது கார்ட்ரிட்ஜ் விலையையும் சேர்த்தே கணக்குப் போடு. காரார்ட் 401 டர்ன்டேபிள் மேல் ஆசை உனக்கு ரொம்ப நாளாக உண்டு, தெரியும். அதில் பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் சக்கரம்தான் தட்டுமேடையைச் சுழற்றும். ஓடாமல் கிடந்து சக்கரம் ஒரு இடத்தில் அமுங்கியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் "தட் தட்" என்று கேட்கும்.

இதையெல்லாம் நோண்டப் பொறுமை இல்லை என்றால் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 பார். 1979-இல் வந்தது. மோட்டாரே நேராகத் தட்டுமேடையைச் சுழற்றுகிறது, வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் பார்த்துக்கொள்கிறது. எந்த ஊர் மின்சாரமாக இருந்தாலும் வோல்ட் பொருந்தினால் போதும், சுருதி நிற்கும். டிஜேக்கள் கையில் அடிபட்டதா என்று மட்டும் ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மை ஆட்டிப் பார்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரைக் கூப்பிட்டிருந்தேன். நம் சங்கீதம் அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டார். அடுத்த வாரம் தன் பியானோ தட்டுகளைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

டிசம்பரில் நீ வரும்போது அப்பா வைத்திருந்த நாகஸ்வரத் தட்டுகளைக் கொண்டு வா. பெட்டியில் படுக்க வைக்காதே, நிறுத்தி அடுக்கிக் கையிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
கணேசன்