டின்பாலும் கலக்கும் கணக்கும்

ஆசிரியருக்கு,

காலனிய மலாயாவில் டின்பால் (சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த பால்) லேபிள் பற்றி எழுந்த சர்ச்சையைச் சொல்லும் கட்டுரை, ஆடை நீக்கிய பாலை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அந்த டின்னில் 'குழந்தைகளுக்கு ஆகாது' என்ற எச்சரிக்கை இருந்தால் போதும், முழு ஆடைப் பாலால் தொல்லை இல்லை என்ற அன்றைய வாதத்தைக் கட்டுரையாளரும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். கணக்குப் போட்டால் அது நிற்காது.

இனிப்பிட்ட முழு ஆடை டின்பால் 100 கிராமில் சர்க்கரை சுமார் 55 கிராம், புரதம் 8, கொழுப்பு எட்டுக்குச் சற்று மேல். தாய்ப்பாலில் சர்க்கரை 7, கொழுப்பு 4, புரதம் ஒன்றை ஒட்டி. இனிப்பைத் தாய்ப்பால் அளவுக்கு இறக்க, ஒரு பங்கு டின்பாலுக்கு ஏழு பங்கு தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போது கொழுப்பு ஒரு கிராம்தான் மிஞ்சும். 100 கிராமுக்கு 70 கலோரி கிடைக்க வேண்டிய பிள்ளைக்கு 40 கிடைக்கும். வயிறு நிறையும், உடம்பு தேறாது. கொழுப்பைச் சரிக்கட்ட ஒன்றுக்கு ஒன்று கலந்தாலோ சர்க்கரை 27 கிராமுக்கு ஏறிவிடும், வயிற்றால் போகும். சரியான கலவை என்று ஒன்று கிடையவே கிடையாது.

ஆடை நீக்கிய டின்னில் இதற்கு மேல் ஒரு கேடு. கொழுப்போடு வைட்டமின் ஏ-யும் போய்விடுவதால் கண் வறண்டு, முற்றினால் கருவிழி கரைந்து பார்வையே போகும். சட்டம் கண்டது இந்த ஆடை நீக்கிய டின்னை மட்டும்தான்.

அதையும் எப்படிச் சொன்னது? 1899-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் 'இயந்திரத்தால் ஆடை நீக்கிய பால்' என்று பெரிய எழுத்தில் அச்சிடச் சொன்னது. இயந்திரம் என்றால் வாங்குபவருக்குச் சுத்தம் என்றல்லவா தோன்றும்! 'குழந்தைகளுக்கு ஆகாது' என்ற எச்சரிக்கை அங்கேயே 1920-களில்தான் வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் தாய் விடியுமுன் மரத்தில் பால் வெட்டப் போய்விட, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் டின்னைத் திறப்பவருக்கு எழுத்தே தெரியாது என்றால், மேலே உள்ள படமும் நிறமும்தான் லேபிள். திறந்த டின் சர்க்கரையின் தயவில் சட்டென்று கெடாது. தண்ணீர் கலந்ததும் அந்தக் காப்பு போய்விடும். பிறகு கொதிக்காத தண்ணீரும் கழுவாத புட்டியும் தம் வேலையைக் காட்டும்.

குழந்தை மருத்துவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது சாடியது, குழந்தை உணவு பற்றிய தவறான பிரசாரத்தை. அதனால் நேரும் சாவுகளைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்றார். பால் நிறுவனங்கள் தாதியர் உடுப்பில் பெண்களை அனுப்பி டின்பாலைப் பரப்பிய காலம் அது. அப்படி வந்து நிற்பவர் சொல்வதை விட்டுவிட்டு டின்னின் ஓரத்து வரியை யார் தேடுவார்கள்?

தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை பற்றிய உலக சுகாதார அமைப்பின் 1981 விதித்தொகுப்பு, பிரிவு 9.3, இதைச் சரியாகப் பிடித்தது. இனிப்பிட்ட டின்பால் குழந்தைக்கு ஏற்றதல்ல. எனவே குழந்தைக்காக அதை மாற்றிக் கலக்கும் குறிப்பே அதன் லேபிளில் இருக்கக் கூடாது என்கிறது. முழு ஆடைக்கு அதில் விலக்கில்லை.

கட்டுரையாளர் மேற்கொண்டு எழுதுவதானால், பழைய டின்களில் எச்சரிக்கை வரியோடு, 'ஒரு கரண்டிக்கு இத்தனை தண்ணீர்' என்ற அட்டவணையையும் தேடிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
குழந்தை ஊட்டச்சத்துத் துறை வாசகர்