முன்னறிவிப்பு இல்லாமல் வருகிறவர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா? வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் பார்த்தாலே மனம் தேவனாம்பட்டினம் பக்கம் ஓடிவிடுகிறது. ஜிப்மரில் கண்ணைக் காட்டிவிட்டு வந்தீர்களா? தள்ளிப் போடாதீர்கள் அப்பா.

"கல்யாணம் ஆகி பிரான்சுக்குப் போனாய், சரி. அணு ஆலையில் போய் ஏன் வேலை?" என்று போனில் கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆயுசு முழுக்க ரசாயனத்தோடு வேலை பார்த்தவர் நீங்கள். உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது கல்பாக்கம் மாதிரி மின்சாரம் எடுக்கும் இடத்தில் இல்லை. அந்த உலைகளுக்கு வேண்டிய எரிபொருளைச் செய்யும் தொழிற்சாலை இது. யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற பொருள் பெரிய சிலிண்டர்களில் வருகிறது. அதைப் பொடியாக்கி, அழுத்தி, 1,700 டிகிரி சூட்டில் சுட்டால் சுண்டு விரல் நுனி அளவுக்குக் கறுப்பு வில்லைகள் கிடைக்கும். அவற்றை நான்கு மீட்டர் நீளக் குழாய்களில் அடுக்கி மூடி, 264 குழாய்களை ஒரு கட்டாகச் சேர்ப்பார்கள். வில்லைகளின் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. இந்தக் கட்டத்தில் யுரேனியத்தின் கதிர்வீச்சு குறைவு. ஆனால் அதன் தூசியைச் சுவாசிக்கவே கூடாது. அதனால்தான் கதிர்வீச்சைக் கணக்கிடும் பேட்ஜ், முகமூடி, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம்.

ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது உங்களுக்குப் பழக்கமானது. சிலிண்டரில் உள்ள பொருள் சாதாரண சூட்டில் கெட்டியாக இருக்கும், சூடாக்கினால் நேரே வாயுவாகிவிடும். கசிந்தால் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமாக மாறும். அது தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போகும், நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். 1986 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் கோர் என்ற ஊரில் இப்படி ஒரு சிலிண்டர் வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். சிலிண்டர் எடைமேடையில் முழுதாக ஏறவில்லை. எடை குறைவாகக் காட்டியதால், அளவுக்கு மேல் நிரப்பிவிட்டார்கள். பிறகு கூடுதலை வெளியே எடுக்க அதைச் சூடாக்கினார்கள். அப்படிச் சூடாக்கக் கூடாது என்ற விதி அங்கே எழுத்தில் இருந்தது.

இரண்டாவது, யுரேனியமே அளவுக்கு மேல் ஓரிடத்தில் சேர்ந்துவிடுவது. தகுந்த வடிவ பாத்திரமும் பக்கத்தில் தண்ணீரும் இருந்துவிட்டால், யாரும் தீ வைக்காமலே தொடர்வினை, அதாவது அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்று பிளப்பது, தொடங்கிவிடும். அதனால் தீப்பிடித்தால்கூடச் சில அறைகளில் தண்ணீர் அடிக்கக் கூடாது. ஜப்பானில் டோக்காய்முரா என்ற ஊரில் இருந்த ஒரு எரிபொருள் ஆலையில் 1999 செப்டம்பர் 30 அன்று இதுதான் நடந்தது. யுரேனியக் கரைசலை ஊற்றிய தொட்டிக்கு அனுமதித்த அளவு 2.4 கிலோ யுரேனியம். தொழிலாளர்கள் வாளியால் ஊற்றியது சுமார் 16 கிலோ. இருவர் கதிர்வீச்சால் இறந்தார்கள். தொடர்வினையை நிறுத்த இருபது மணி நேரம் போல ஆனது. சுற்றிலும் 10 கிலோமீட்டருக்குள் இருந்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று சொன்னார்கள். வாளியைப் பயன்படுத்துவது அந்தத் தொழிலாளர்களின் சொந்த யோசனை இல்லை, அப்பா. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நிறுவனமே அனுமதி வாங்காமல் வைத்திருந்த வழக்கம் அது. அரசு ஆட்கள் அந்தக் கூடத்துக்குள் போய், வேலை நடக்கிற விதத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அந்த வாளி அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். விபத்துக்குப் பிறகுதான் ஜப்பான் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய ஆலைகளுக்கும் காலமுறைச் சோதனையைக் கட்டாயமாக்கியது.

இங்கே அணு பாதுகாப்புக்கென்று தனி ஆணையம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டும் வருவார்கள், சொல்லாமலும் வருவார்கள். ராத்திரி ஷிப்டிலும் வரலாம். உங்கள் கம்பெனியில் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வரும் நாள் முன்னாலேயே தெரிந்துவிடும், முந்தின நாளே பெயிண்ட் வாசனை அடிக்கும் என்பீர்களே, அது நினைவுக்கு வந்தது. நான் பார்த்த ஆய்வில் ஒரு பெண் அதிகாரி அலுவலகத்தில் உட்காரவே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் 'இங்கே இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது' என்று பலகை மாட்டியிருக்கும். ஒரு பலகையின் முன் நின்று, பொடி நிரப்பிக்கொண்டிருந்த தொழிலாளியிடம், "இந்த எண் ஏன்? தாண்டினால் என்ன ஆகும்?" என்று கேட்டார். மேலாளர் வாயெடுத்தார். "இவரே சொல்லட்டும்" என்றார் அந்த அம்மா. தொழிலாளி நிதானமாக விளக்கினார். அப்புறம் அந்த அதிகாரி டிரம்மின் சீட்டையும் பதிவேட்டையும் ஒப்பிட்டார், அலாரம் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று பார்த்தார்.

எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்கு அப்புறம் நடப்பதுதான். கண்ட குறைகளை எல்லாம் ஆலைக்குக் கடிதமாக எழுதுகிறார்கள். அந்தக் கடிதத்தை ஊரில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆணையம் இணையத்தில் போட்டுவிடுகிறது. 2006-ல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு அணு நிலையத்துக்கும் ஒரு உள்ளூர் தகவல் குழுவும் உண்டு. அதில் ஊர்ப் பிரதிநிதிகள், தொழிற்சங்கம், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லோருக்கும் இடம். இங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கடிதங்களைப் படித்தால் குறைகள் நிறையவே தெரியும். ஆனால் ஆலைக்குத் தெரிந்த குறை ஊருக்கும் தெரிகிறது.

அந்தக் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் நம் ஊர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 2004 வாக்கில் சிப்காட்டைச் சுற்றி இருந்த ஊர்க்காரர்கள் வாடை வந்த நேரத்தை நோட்டில் குறித்து வைத்தார்கள். வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தாங்கள் சுவாசிப்பது என்ன என்று தெரிந்துகொள்ள அவ்வளவு பாடு! நடவும் களையுமாக இருந்தவர்கள் அதைச் செய்தார்கள். அந்த மக்களுக்கும் இப்படி ஒரு கடிதம் கையில் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்டால் கிடைக்காத விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

தம்பி புதிதாகச் சேர்ந்த கம்பெனியில் எந்தப் பிரிவில் இருக்கிறான்? அவன் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் என்ன இருக்கிறது, கசிந்தால் எந்த வால்வை மூட வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதிலை அவனே எனக்கு எழுத வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டான், நீங்கள் சொன்னால் கேட்பான். அம்மாவிடம், பேட்ஜில் கணக்கு மாதாமாதம் பார்க்கிறார்கள், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்