கடன் விண்ணப்பத்துக்கு முன்னால்

ஆசிரியருக்கு வணக்கம். புதிதாகத் தொழில் தொடங்குவோர் தயங்குவதற்கு முதலீடு கிடைக்காததே காரணம் என்று தங்கள் தலையங்கம் கூறியிருந்தது. முதலீடு ஒரு தடைதான், மறுக்கவில்லை. ஆனால் பணம் கையில் இருந்தும் தொடங்காதவர்களையும், கணக்குப் பார்க்காமலே இறங்கிவிடுபவர்களையும் அந்த ஒரு காரணத்தால் விளக்க முடியாது. 'வியாபாரம் நமக்குச் சரிப்பட்டு வராது' என்று சிறுவயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போன நம்பிக்கை, பிற்காலத்தில் சந்தை நிலவரத்தை ஆராய்ந்து எடுத்த முடிவைப் போலவே தோற்றம் தருகிறது. லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் தரும் வேதனை பெரிது என்று உளவியலாளர்களான டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் விளக்கியதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நேர்மாறாக, 1988-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஏறத்தாழ 3,000 தொழில்முனைவோரில் 81 விழுக்காட்டினர் தங்கள் வெற்றி வாய்ப்பைப் பத்துக்கு ஏழு அல்லது அதற்கும் மேல் என்று மதிப்பிட்டனர். தம்முடையதைப் போன்ற பிறர் தொழில்களுக்கு அவர்கள் அந்த அளவுக்குத் தாராளம் காட்டவில்லை.

திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் பணியில் நான் அடிக்கடி காண்பது இது: முதலாண்டு விற்பனையைத் தயங்காமல் எழுதுபவர்கள், உரிமையாளரின் மாதச் சம்பளம் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள், தம் உழைப்புக்கு விலையில்லை என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, அந்தக் கட்டம் சொல்லிவிடுகிறது. ஆகவே தொழில்முனைவோர் பயிற்சிகளில் கடன், வரி, உரிமம் ஆகியவற்றுக்கு முன்பாக, தன் முடிவுக்குப் பின்னால் உள்ள எண்ணங்களை ஒவ்வொருவரும் எழுதி, அவற்றில் எது கணக்கிலிருந்து வந்தது, எது வளர்ப்பிலிருந்து வந்தது என்பதை அறிமுகமில்லாத ஒருவரிடம் விளக்கும் அமர்வொன்றைச் சேர்க்கலாம்.