குளோப் முற்றத்தில் நின்றவனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

லண்டன் குளோப் நாடக அரங்கில் நீ தொப்பலாக நனைந்துகொண்டு நிற்கும் படம் கிடைத்தது. குடை விரிக்க விடமாட்டார்களாமே! கால் கடுத்தாலும் போனை வெளியே எடுக்கவே தோன்றவில்லை, அது எப்படிப்பா என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நடத்தியவனிடம் கேட்டுவிட்டாய், அனுபவி.

நீ நின்றது 1997இல் திறக்கப்பட்ட புது அரங்கு. ஷேக்ஸ்பியர் காலத்துப் பழைய குளோப் 1599இல் அங்கே பக்கத்தில்தான் எழுந்தது. ஒரு பென்னி கொடுத்தால் முற்றத்தில் நிற்கலாம், கூட ஒரு பென்னி என்றால் மாடத்தில் உட்காரலாம். சற்றுத் தள்ளிக் கரடியைக் கட்டிப்போட்டு நாய்களை ஏவிவிடுவார்கள். அதற்கும் கூட்டம் அம்மும். கொட்டையைக் கடித்துக்கொண்டு நிற்பவனுக்கு நாடகம் சலித்தால் அங்கே போய்விடலாம். அவனை நிறுத்திவைக்க முன்திரையும் கிடையாது, விளக்கும் கிடையாது. பகல் இரண்டு மணி வாக்கில், பட்டப்பகலில் நாடகம்.

அந்த வெயிலில்தான் ஹாம்லெட்டின் நடுராத்திரி தொடங்குகிறது. முதல் வசனம், ‘யார் அங்கே?’ கேட்பது யார் என்று கவனித்தாயா? காவலில் நிற்பவன் அல்ல, அவனை மாற்றிவிட வருகிறவன். கேட்க வேண்டியவன், ‘நீ சொல்லு முதலில், நில்’ என்று திருப்பிக் கேட்கிறான். அப்புறம் குளிர் கடிக்கிறது, மனசு சரியில்லை என்கிறான். ஏன் என்று சொல்வதில்லை. இவ்வளவும் பத்தே வரிக்குள். இருட்டு, குளிர், பயம் மூன்றும் வந்துவிட்டன, பேய் இன்னும் வரவில்லை. வகுப்பில் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. ‘பேய்க் காட்சியின் முக்கியத்துவம்’ என்று ஐந்து மார்க் கேள்விக்குக் குறிப்பு எழுதிப் போடுவதற்குள் மணி அடித்துவிடும்.

ரத்தம், கோமாளி, சண்டை எல்லாம் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆட்டு ஈரலைக்கூட மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் கூட்டத்தைக் கூப்பிடத்தான் உதவும். கூட்டத்தைப் பிடித்துவைத்தது, அந்த நாடகாசிரியர்கள் ரகசியத்தை நம்மிடம் கொடுத்த விதம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில் மூன்றாம் ரிச்சர்ட் தனியாக வந்து நின்று, அண்ணனைச் சிறைக்கு அனுப்பப் போகிறேன் என்று நம்மிடம் சொல்லிவிடுகிறான். அடுத்த நிமிஷம் அந்த அண்ணனே காவலர்களோடு வர, ஐயோ பாவம் என்று அவனுக்கு ஆறுதல் சொல்கிறான். உண்மை தெரிந்தவர்கள் அவனும் நாமும்தான். மேடையின் மூன்று பக்கமும் ஆள் நிற்கும்போது இது எப்படி இருந்திருக்கும்! கூட்டுச் சதிகாரன் பாதியில் வீட்டுக்குப் போவானா?

அதே காலத்து நாடகாசிரியர் தாமஸ் கிட் இதை இன்னொரு விதமாகச் செய்தார். அவருடைய ஸ்பானிஷ் டிராஜெடியில் செத்தவனின் ஆவியும், ‘பழி’ என்றே பெயர் கொண்ட ஒரு பாத்திரமும் மேடையிலேயே உட்கார்ந்து நம்மோடு நாடகம் பார்க்கும். யார் சாகப் போகிறான் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். மிச்சம் இருப்பது, எப்போது, எப்படி என்பதுதான். கிட்டை மட்டம் தட்டிப் பேசுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

அதே காலத்து மார்லோவின் ஃபாஸ்டஸை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பிசாசுக்குத் தன் ஆன்மாவை விற்றவன் அவன். பதினொரு மணி அடிக்கிறது. பன்னிரண்டுக்குப் பிசாசு வந்து அவனைக் கொண்டுபோகும். அவன் புலம்பலுக்கு நடுவே அரைமணி அடிக்கும். முதல் அரைமணிக்கு முப்பது வரி போல இருக்கும், அடுத்த அரைமணிக்கு இருபதுகூடத் தேறாது. நேரம் ஓடுவதை அப்படி வரியைக் குறைத்தே காட்டியிருக்கிறார். வாய்விட்டுப் படித்துப் பார், மூச்சு வாங்கும்.

அடுத்து மூன்றாம் ரிச்சர்ட் எப்போது போடுகிறார்கள் என்று விசாரித்து வை. நின்று பார்க்க என் முழங்கால் இடம் கொடுக்காது, எனக்கு மட்டும் மாடத்தில் டிக்கெட் எடு. அம்மாவுக்கு உன் போட்டோவில் தெரிந்ததெல்லாம் நனைந்த தலைதான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, துவட்டினேன் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா